சேட்டையை எண்ணிப் பார்த்தால்

ஆசிரியர் வகுப்பைவிட்டு வெளியே போகும்போது வகுப்புத் தலைவனின் கையில் சாக்பீஸைக் கொடுத்து, "பேசுறவங்க பேரை எழுதி வை" என்று சொல்லிவிட்டுப் போவது நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கம். கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்பு விழும். அதன் கீழே பெயர்கள் ஏறும். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, இன்னும் பேசினால் இன்னொன்று. ஆசிரியர் திரும்பி வந்ததும் அந்தப் பட்டியலே சாட்சி, அதுவே தீர்ப்பு.

மாணவர் நடத்தையை நேரில் பார்த்து, எண்ணி, பதிந்துவைக்கும் கருவிகளில் இதுதான் மிக எளியது. இதில் இருக்கும் கோளாறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், பயிற்சி பெற்ற பெரியவர்களின் மதிப்பீடுகளில் இருக்கும் கோளாறுகளும் விளங்கிவிடும். 'பேசுவது' என்றால் எது? பக்கத்துப் பையனிடம் ரப்பர் கேட்டால் அது பேச்சா? தலைவனின் கூட்டாளி பேசினால் பெயர் ஏறுமா? ஒருமுறை ஏறிய பெயரைத்தானே எழுதுபவனின் கண் மறுபடி மறுபடி தேடும்? பத்து நிமிடத்தில் விழுந்த மூன்று பெருக்கல் குறியும் நாற்பது நிமிடத்தில் விழுந்த மூன்று பெருக்கல் குறியும் ஒன்றாகுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் ஏன் பேசினான், அவனிடம் யார் முதலில் பேசினார்கள் என்பதற்குப் பலகையில் இடமே கிடையாது.

ஆசிரியர் அறையில் நடக்கும் மதிப்பீட்டுக்கு இந்தப் பெருக்கல் குறி அளவுக்குக்கூட ஆதாரம் இருப்பதில்லை. "அவன் சரியான வாலு", "அந்தப் பொண்ணு தங்கம்", "இவன் அடங்கவே மாட்டான்" என்று ஒற்றைச் சொல்லில் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குக் கைமாறுகிறார்கள். பள்ளி தரும் மாற்றுச் சான்றிதழில் ஒழுக்கமும் பண்பும் எப்படி என்று கேட்கும் ஒரு வரி இருக்கிறது. ஐந்தாண்டு, பத்தாண்டு வாழ்க்கைக்கு அங்கே 'நன்று' என்று ஒரு சொல் எழுதப்படும். பிள்ளையைப் பற்றிய தீர்ப்பு அதில் இருக்கிறது. பிள்ளை என்ன செய்தது என்ற செய்தி இல்லை. நடத்தையை அளக்கும் அறிவியல் இந்த இடத்தில்தான் வேறு வழி பிடித்தது. அடைமொழியை ஒதுக்கிவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடிய, எண்ணக்கூடிய செயலை மட்டும் எழுதுவது என்று முடிவெடுத்தது. 'அடங்காதவன்' என்பதற்குப் பதில், 'பாடவேளையில் அனுமதியின்றி இருக்கையைவிட்டு எழுந்தது, 7 முறை'.

இந்த முறை வகுப்பறைக்குள் முழு வேகத்தோடு நுழைந்தது 1968-இல். அந்த ஆண்டுதான் அமெரிக்காவில் பயன்முறை நடத்தை ஆய்வுக்கென்று ஒரு தனி ஆய்விதழ் தொடங்கியது. அதன் முதல் ஆண்டு இதழ்களில் வான்ஸ் ஹால், டயான் லண்ட், டெலோரிஸ் ஜாக்சன் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. கான்சஸ் சிட்டியில் ஏழை மக்கள் வாழும் பகுதியின் பள்ளிகளில் 'தொல்லை தருகிறார்கள்' என்று ஆசிரியர்கள் அடையாளம் காட்டிய பிள்ளைகளை அவர்கள் கவனித்தார்கள். அவர்களில் ஒருவன் மூன்றாம் வகுப்பு மாணவன். எழுத்துக்கூட்டல் பாடவேளையில் அவன் என்ன செய்தான் என்று பதிவு செய்திருப்பதைப் படித்தால் அந்தப் பையன் கண்முன் வந்து நிற்கிறான்: ரப்பர் பேண்டைச் சுண்டுகிறான், சட்டைப்பையிலிருந்து பொம்மையை எடுத்து விளையாடுகிறான், பக்கத்தில் இருப்பவர்களோடு பேசிச் சிரிக்கிறான், காலையில் கொடுத்த பாலை மெதுவாக உறிஞ்சிக் குடிக்கிறான், குடித்து முடித்த காலி டப்பாவையும் விடுவதில்லை.

பார்வையாளர் கையில் ஒரு தாள் இருந்தது. அரை மணி நேரத்தைப் பத்துப் பத்து விநாடிக் கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். மொத்தம் 180 கட்டம். முதல் வரிசையில் பையன் படித்தானா இல்லையா என்ற குறி. இந்தத் தாளின் மேன்மை அதற்கடுத்த இரண்டு வரிசைகளில் இருக்கிறது. ஆசிரியர் அவனிடம் பேசினாரா, அவனுக்கு அருகில் போனாரா என்பதையும் அதே கட்டங்களில் குறித்தார்கள். பையனின் வரிசையில் வந்த விடை யாரும் எதிர்பார்த்ததே: நேரத்தில் 25 விழுக்காடுதான் படிப்பு. ஆசிரியரின் வரிசையில் வந்தது யாரும் எதிர்பாராதது. அந்தப் பையனுக்குக் கிடைத்த ஆசிரியர் கவனிப்பில் 55 விழுக்காடு, அவன் படிக்காமல் இருந்ததைத் தொடர்ந்து வந்திருந்தது. புத்தகத்தைத் திற, பென்சிலை எடு, பொம்மையை உள்ளே வை என்று நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட சொற்கள் அவை. எண்ணிக்கையில் பார்த்தால், அந்த ஆசிரியரை அருகே வரவழைக்க அவனுக்கிருந்த உறுதியான வழி பால் டப்பாவோடு விளையாடுவதே.

பிறகு ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். பையன் தொடர்ந்து ஒரு நிமிடம் படித்தால் பார்வையாளர் சைகை காட்டுவார். ஆசிரியர் அவனிடம் போய், நன்றாகச் செய்கிறாய் என்று ஒரு வார்த்தை சொல்வார். மற்ற நேரத்தில் அவனைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார். படிப்பு நேரம் சராசரி 71 விழுக்காட்டுக்கு ஏறியது. மாற்றத்துக்குக் காரணம் இதுதானா என்று உறுதிப்படுத்த, ஆசிரியரைப் பழையபடியே நடக்கச் சொன்னார்கள், படிப்பு சரிந்தது. மறுபடி கவனிப்பை இடம் மாற்றியதும் ஏறியது. பையன் அதே பையன். அவன் வீட்டிலும் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை.

அதே 1968-இல் சார்லஸ் மேட்சனும் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெஸ்லி பெக்கரும் தங்கள் குழுவினரோடு 'உட்கார்' என்ற ஆணையை ஆராய்ந்தார்கள். முதல் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் எழுந்து திரிகிறார்கள், ஆசிரியர் எத்தனை முறை 'உட்கார்' என்கிறார் என்று இரண்டையும் எண்ணினார்கள். ஆணையின் எண்ணிக்கையைக் கூட்டச் சொன்னபோது எழுந்து திரிவதும் கூடியது. சொன்னவுடனே பிள்ளைகள் உட்கார்ந்தார்கள் என்பதும் உண்மை. அதனால்தான் ஆசிரியருக்கு அந்த ஆணை பலிப்பதாகத் தோன்றியது. ஒவ்வொரு முறையும் பலித்த ஒன்று, பாடவேளை முழுவதையும் கணக்கிட்டால் நிலைமையை மோசமாக்கியிருந்தது. மனித நினைவு இந்தக் கணக்கைப் போடாது. தாளில் இருக்கும் கட்டங்கள்தான் போடும். உட்கார்ந்து வேலை செய்யும் பிள்ளைகளைப் பாராட்டத் தொடங்கியபோது எழுந்து திரிவது குறைந்தது.

இன்னும் ஒருபடி போய், பெக்கரும் டான் தாமஸும் ஓர் அடக்கமான வகுப்பையே எடுத்துக்கொண்டார்கள். 28 பிள்ளைகள், பெரிய தொல்லை எதுவும் இல்லாத வகுப்பு. ஆசிரியர் பாராட்டுவதை நிறுத்தியபோதெல்லாம் குழப்பம் கூடியது. கண்டிப்பை மூன்று மடங்காக்கியபோது எழுந்து ஓடுவதும் சத்தம் போடுவதும் மேலும் பெருகின. 'நல்ல வகுப்பு', 'மோசமான வகுப்பு' என்று நாம் சொல்வது எவ்வளவு தூரம் பிள்ளைகளின் குணம், எவ்வளவு தூரம் முன்னால் நிற்பவரின் வழக்கம் என்ற கேள்வியை அந்தச் சோதனை எழுப்பியது. 1975-இல் மேரி ஆலிஸ் ஒயிட் பல வகுப்பறைகளில் ஆசிரியர்களின் பாராட்டையும் கண்டிப்பையும் எண்ணியபோது, இரண்டாம் வகுப்பைத் தாண்டிய எல்லா வகுப்புகளிலும் கண்டிப்பே மிகுந்திருந்தது. டேனியல் ஓ'லியரியின் குழு 1970-இல் ஆசிரியர்கள் கண்டிக்கும் விதத்தையே பிரித்துப் பார்த்தது. எல்லார் காதிலும் விழும்படி அதட்டுவதைவிட, அருகே போய் அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேட்கும்படி சொன்னபோது குழப்பம் குறைந்தது. இதைச் செய்யக் காசும் வேண்டாம், பயிற்சி முகாமும் வேண்டாம். நாலு எட்டு நடந்தால் போதும்.

ஒன்றை இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும். 'கண்டுகொள்ளாமல் விடு' என்பது பால் டப்பாவுக்கும் பென்சில் தட்டலுக்கும் பொருந்தும். ஒரு பிள்ளை இன்னொன்றை அடிக்கும்போதோ சாதியைச் சொல்லிக் கேலி செய்யும்போதோ ஆசிரியர் கண்டுகொள்ளாமல் இருந்தால், அடிபட்ட பிள்ளை அதையும் ஒரு பதிலாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

எதை எண்ணுவது என்பதிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 1972-இல் ரிச்சர்டு வினெட், ராபின் விங்க்ளர் இருவரும் இத்தகைய வகுப்பறை ஆய்வுகளைக் கேள்விக்குட்படுத்தினார்கள். அசையாதே, பேசாதே, அடங்கியிரு என்பதைத்தானே இவை அளக்கின்றன, பிள்ளை கற்றதா என்று யார் பார்த்தது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. உட்கார்ந்திருப்பது எண்ணுவதற்குச் சுலபம், யோசிப்பது எண்ணுவதற்குக் கடினம். அதனால் சுலபமானது பதிவேட்டில் ஏறிக் கற்றலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கேள்வி கேட்டது, சக மாணவனுக்கு விளக்கியது, தவறான விடையை அழித்துத் திருத்தியது என்று எண்ணத்தக்க நல்ல செயல்கள் வகுப்பில் எத்தனையோ உண்டு. இவற்றுக்கு ஒரு வரிசை இல்லாத பதிவுத்தாளை நான் நம்பமாட்டேன்.

எண்ணுவதாக முடிவெடுத்தாலும், எண்ணும் முறையே பொய் சொல்லக்கூடும். பத்து விநாடிக் கட்டத்துக்குள் ஒருமுறை நடந்தாலும் குறி போடுவது ஒரு முறை. ஒரு சிறுமி ஒவ்வொரு பத்து விநாடியிலும் ஒரே ஒரு விநாடி ஜன்னல் பக்கம் திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கட்டத்திலும் குறி விழும். 'நூறு விழுக்காடு கவனச்சிதறல்' என்று தாள் சொல்லும். உண்மையில் அவள் பத்தில் ஒன்பது பங்கு நேரம் பாடத்தைக் கவனித்திருக்கிறாள். கட்டம் முழுக்கத் திரும்பியிருந்தால்தான் குறி என்று விதியை மாற்றினால் அதே சிறுமிக்குப் பூஜ்யம் வரும். ஒரு பிள்ளை, ஒரு பாடவேளை, இரண்டு விதி: ஒன்றில் நூறு, ஒன்றில் பூஜ்யம். இதற்கு மாற்றாக, குறித்த நொடியில் மட்டும் நிமிர்ந்து பார்த்து, அந்தக் கணத்தில் பிள்ளை என்ன செய்கிறதோ அதைக் குறிப்பது மூன்றாவது முறை. பாடம் நடத்திக்கொண்டே செய்ய வேண்டிய ஆசிரியருக்கு இதுதான் தோது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கைபேசி அதிரும்படி வைத்துக்கொண்டு பார்த்தால் நாற்பது நிமிடத்தில் இருபது கணங்கள் கிடைக்கும். போதாதுதான்; ஆனால் நாலைந்து நாள் சேர்த்தால் அந்தப் பிள்ளையின் வாரம் ஓரளவு நேர்மையாகத் தாளில் வந்துவிடும்.

வேறு யாரோடும் ஒப்பிடாத எண்ணுக்கும் பொருள் இல்லை. எட்வர்டு ஷப்பிரோ வடிவமைத்த ஒரு முறையில், ஐந்து கட்டத்துக்கு ஒருமுறை பார்வையாளர் தான் கவனித்துவரும் பிள்ளையை விட்டுவிட்டு வகுப்பின் வேறொரு பிள்ளையைப் பார்க்க வேண்டும். 'இவன் 40 விழுக்காடு நேரம் கவனிக்கவில்லை' என்று பதறுவதற்கு முன், மதிய உணவுக்குப் பிந்தைய அந்தப் பாடவேளையில் மற்றவர்களும் 38 விழுக்காடு கவனிக்கவில்லை என்று தெரிந்தால், பார்க்க வேண்டியது பையனை அல்ல, பாடவேளையை.

இரண்டு பேர் தனித்தனியே பார்த்து ஒரே முடிவுக்கு வந்தால் நம்பலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரு பையன் பத்தில் ஒன்பது பங்கு நேரம் இருக்கையில் இருக்கிறான். இரண்டு பார்வையாளர்கள் அவனைப் பார்க்காமலே, கண்ணை மூடிக்கொண்டு பத்துக்கு ஒன்பது கட்டத்தில் 'இருக்கையில்' என்று எழுதினாலும், தற்செயலாகவே 82 விழுக்காடு கட்டங்களில் ஒத்துப்போவார்கள். ஆகவே 90 விழுக்காடு ஒப்புமை என்று பெருமைப்பட அங்கே ஒன்றுமில்லை. இந்தத் தற்செயல் பங்கைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் கணக்கிடும் வழியை 1960-இல் ஜேக்கப் கோஹன் வகுத்தார். 'கப்பா' என்று அதற்குப் பெயர். மேலே சொன்ன 90, கோஹன் கணக்கில் 1-க்கு 0.44 ஆகச் சுருங்கிவிடும். ஜான் ரீட் 1970-இல் வெளியிட்ட ஆய்வு பார்வையாளர்களையே பார்வையிட்டது. தங்கள் பதிவை ஒருவர் சரிபார்க்கிறார் என்று தெரிந்தபோது அவர்கள் துல்லியமாகக் குறித்தார்கள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தபோது துல்லியம் கணிசமாகக் குறைந்தது.

வகுப்பறைப் பேச்சை வகை பிரித்துப் பதியும் அட்டவணையை வகுத்த நெட் ஃபிளாண்டர்ஸின் பெயர் நம் ஊரில் பி.எட். படித்தவர்கள் அனைவருக்கும் தெரியும். மூன்று விநாடிக்கு ஒரு குறி, பத்து வகைகள், அதில் ஏழு ஆசிரியர் பேச்சுக்கு, இரண்டு மாணவர் பேச்சுக்கு, ஒன்று அமைதிக்கும் குழப்பத்துக்கும் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பார்கள். வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாராவது பேசுகிறார்கள், அந்தப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது என்பது அவர் கண்டது. வகுப்பறைப் பேச்சைப் பதிய வந்தவர் பத்தில் ஏழு வகையை ஆசிரியருக்கே ஒதுக்கினார். இந்த அட்டவணையைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய பிறகு, தன் வகுப்பிலேயே ஒருமுறை பயன்படுத்திப் பார்க்கும் வாய்ப்பு நம் ஆசிரியர்களுக்குக் கிடைப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

எண்ணிக்கை 'எவ்வளவு' என்பதைச் சொல்லும். 'ஏன்' என்பதற்கு வேறொரு தாள் வேண்டும். முன்பு நடந்தது, செய்தது, பின்பு நடந்தது என்று மூன்று பத்தி போட்ட தாள். ஒரு நான்காம் வகுப்புக் கணக்குப் பாடவேளையைக் கற்பனை செய்வோம். 10.35: ஆசிரியர் கதைக்கணக்கு ஒன்றை வாய்மொழியாகக் கேட்கிறார், பையன் கைதூக்கி விடை சொல்கிறான், "சரி, உட்கார்" என்கிறார். 10.42: நோட்டில் ஐந்து வகுத்தல் கணக்கு போடச் சொல்கிறார், பையன் பென்சில் சீவக் குப்பைத்தொட்டிக்கு இரண்டு முறை போகிறான், யாரும் எதுவும் சொல்லவில்லை. 10.47: ஆசிரியர் நோட்டைப் பார்த்துக்கொண்டே இவன் பெஞ்சுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் வந்துவிட்டார், பையன் பக்கத்துப் பையனின் நோட்டைப் பிடித்து இழுக்கிறான், "எழுந்திரு, வெளிய போய் நில்லு."

ஆசிரியர் அறையில் இது 'காரணமே இல்லாம வம்பிழுக்கிறான்' என்று பதிவாகும். தாளில் காரணம் நேர விவரத்தோடு இருக்கிறது. வாய்க்கணக்கில் அவன் கெட்டிக்காரன். எழுத்தில் வகுத்தல் வந்ததும் நழுவுகிறான். நோட்டைத் திறந்து காட்ட வேண்டிய கணத்துக்குச் சற்று முன்னால் வெளியே அனுப்பப்படுகிறான். ஆசிரியர் தண்டனை என்று நினைத்துக் கொடுத்தது அவனுக்கு விடுதலையாக அமைந்துவிட்டது. நாளைக்கும் வகுத்தல் இருந்தால் நாளைக்கும் நோட்டை இழுப்பான். இது ஊகம்தான், சோதித்துப் பார்க்காமல் நம்பக்கூடாது. அடுத்த நாள் அவனுக்கு மட்டும் ஒற்றை இலக்க வகுத்தலில் தொடங்கி, முதல் கணக்கை அவனோடு சேர்ந்து போட்டுப் பார்த்தால், ஊகம் சரியா தவறா என்று தெரிந்துவிடும்.

இந்தத் தர்க்கத்தின் மிக அழகான சோதனை 1985-இல் வெளிவந்தது. எட்வர்டு கார், மார்க் டுராண்ட் இருவரும் வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு பிள்ளைகளைக் கவனித்தார்கள். எப்போது கத்துகிறார்கள், எப்போது அடிக்கிறார்கள் என்று வேலையின் கடினத்தையும் பெரியவர்களின் கவனிப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். வேலை கடினமாகும்போது சிலருக்குத் தொல்லை கூடியது. கவனிப்பு குறையும்போது சிலருக்குக் கூடியது. பிறகு அவர்கள் தண்டனை எதையும் சேர்க்கவில்லை; ஆளுக்கொரு வாக்கியம் கற்றுக்கொடுத்தார்கள். கடினத்திலிருந்து தப்பப் பார்த்த பிள்ளைக்கு 'எனக்குப் புரியல' என்று சொல்ல; கவனிப்புக்கு ஏங்கிய பிள்ளைக்கு 'நான் நல்லா செய்றேனா?' என்று கேட்க. பொருத்தமான வாக்கியம் கிடைத்ததும் தொல்லை பெருமளவு குறைந்தது. வாக்கியத்தை மாற்றிக் கொடுத்தபோது குறையவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரியான அலறல். உள்ளே வெவ்வேறு கோரிக்கைகள். எத்தனை முறை அலறியது என்று எழுதும் பதிவேடு இந்த வேறுபாட்டைத் தவறவிட்டிருக்கும்.

இவ்வளவு முறைகள் எதற்கு, அனுபவமுள்ள கண்ணுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். கண்ணுக்குள் ஏற்கெனவே குடியேறிவிட்ட பெயர்தான் சிக்கல். 1975-இல் க்ளென் ஃபாஸ்டர், ஜேம்ஸ் இசல்டைக் ஆகியோர், சிறப்புக் கல்வி பயிலும் கல்லூரி மாணவர்களுக்கு நான்காம் வகுப்புப் பையன் ஒருவனின் காணொளியைக் காட்டினார்கள். பாதிப்பேரிடம் அவன் இயல்பான பையன் என்றார்கள். மீதிப்பேரிடம் மனவெழுச்சிக் கோளாறு உள்ளவன் என்றார்கள். ஒரே காணொளிதான். கோளாறு என்று கேட்டவர்கள் அவனிடம் கோளாறைக் கண்டார்கள். 2016-இல் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம் இதுபோன்ற ஒரு சோதனையைக் கண்விழி அசைவைப் பதியும் கருவியோடு செய்தார். மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்கு நான்கு பிள்ளைகள் விளையாடும் காணொளியைக் காட்டி, தொல்லை தொடங்கப்போகும் அறிகுறியைத் தேடச் சொன்னார். காணொளியில் தொல்லை எதுவுமே கிடையாது. பார்த்தவர்களின் கண்கள் கறுப்பினச் சிறுவன் மேல்தான் அதிகம் தங்கின. அதிகம் தேடப்படும் பிள்ளையிடம்தான் அதிகம் அகப்படும். பிறகு அந்த எண்ணிக்கையே தேடியதற்கு நியாயமாகிவிடும். நம் வகுப்புகளில் இப்படித் தேடும் கண் எந்தப் பெஞ்சில், எந்தத் தெருவிலிருந்து வரும் பிள்ளைமேல் போய் நிற்கிறது என்பது ஆசிரியர் ஒவ்வொருவரும் தாளில் எழுதிப் பார்க்க வேண்டிய விஷயம்.

வயது இன்னொரு மறைவான தராசு. 2018-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு, செப்டம்பர் 1 அன்று 5 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதியுள்ள அமெரிக்க மாநிலங்களை எடுத்துக்கொண்டது. ஆகஸ்டில் பிறந்த பிள்ளை வகுப்பிலேயே இளையது. செப்டம்பரில் பிறந்தது கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தது. கவனக்குறைவு-மிகைச் செயல்பாட்டுக் கோளாறு என்று மருத்துவர் முடிவு சொன்னவர்கள், ஆகஸ்ட் பிள்ளைகளில் 10,000-க்கு 85 பேர், செப்டம்பர் பிள்ளைகளில் 64 பேர். விதி இல்லாத மாநிலங்களில் இந்த இடைவெளி காணப்படவில்லை. ஐந்து வயதுக்குரிய துறுதுறுப்பு, ஆறு வயதுப் பிள்ளைகளின் நடுவில் உட்கார்ந்ததால் நோயாகத் தெரிந்திருக்கிறது. நம் மாநிலத்தில் எல்.கே.ஜி. சேர்க்கைக்கு ஜூலை 31 கணக்கு. ஜூலை கடைசியில் பிறந்த பிள்ளையும் முந்தைய ஆகஸ்டில் பிறந்த பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்கிறார்கள். 'இவன் மட்டும் ஒரு இடத்துல உட்கார மாட்டேங்குறான்' என்று எழுதுவதற்கு முன் வருகைப் பதிவேட்டில் பிறந்த தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் சத்தம் போடும் பிள்ளைகளைப் பற்றி. பதிவேடுகளும் அவர்களைப் பற்றித்தான் பேசும். 1928-இல் ஈ. கே. விக்மன் வெளியிட்ட நூல் இந்தச் சாய்வை முதன்முதலில் அளந்து காட்டியது. பிள்ளைகளின் 50 வகை நடத்தைகளைக் கொடுத்து, எது எவ்வளவு கவலைக்குரியது என்று ஆசிரியர்களிடமும் மனநல வல்லுநர்களிடமும் கேட்டார். ஆசிரியர்களின் பட்டியலில் ஒழுங்கைக் குலைப்பவை மேலே நின்றன. வல்லுநர்களின் பட்டியலில் ஒதுங்கியிருத்தல், யாரோடும் சேராமை, எப்போதும் சோர்ந்திருத்தல் ஆகியவை மேலே நின்றன. வகுப்பை நடத்த வேண்டியவருக்குச் சத்தம்தான் முதலில் கேட்கும். அதில் குற்றம் இல்லை. ஆனால் தொல்லை தராத பிள்ளைக்குப் பதிவேட்டில் வரியே விழுவதில்லை. தமிழ்நாட்டில் 2012-13 முதல் வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில் வாழ்க்கைத் திறன்களுக்கும் மனப்பான்மைக்கும் தனிப் பகுதிகள் ஒதுக்கப்பட்டது நல்ல எண்ணத்தால்தான். நாற்பது பிள்ளைகளுக்கும் ஆண்டிறுதியில் ஒரே மூச்சில் நிரப்பும்போது, அமைதியான பிள்ளைக்கு ஒரு நல்ல தரக்குறியீடு எளிதாக விழுந்துவிடுகிறது. வாரத்துக்கு இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று முறை வைத்து எழுதினால் இருபது வாரத்தில் வகுப்பு முழுவதையும் சுற்றிவந்துவிடலாம். தன்னைக் கவனிக்கச் சொல்லிக் கேட்காத பிள்ளைக்கும் முறை வரும்.

அப்படி முறை வரும்போது என்ன அகப்படும் என்பதற்கு ஓர் உதாரணம் மட்டும். வகுப்பில் 'கனவு காண்கிறாள்' என்று சொல்லப்படும் சில பிள்ளைகள் உண்மையில் கனவு காண்பதில்லை. 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும் ஒருவகை வலிப்பு உண்டு. கை கால் உதறாது, கீழே விழமாட்டார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நின்று, பார்வை நிலைகுத்தி, சிலருக்கு இமை படபடத்து, பத்து விநாடி அளவில் முடிந்து, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்குவார்கள். ஒரு நாளில் பலமுறை வரும். பிள்ளைக்கே தெரியாது. வீட்டாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நாள்தோறும் மணிக்கணக்கில் அந்த முகத்தை நேருக்கு நேர் பார்ப்பவர் ஆசிரியர். கனவையும் இதையும் பிரித்தறிவது அடைமொழியால் முடியாது, விவரத்தால் முடியும். தோளைத் தொட்டால், பெயர் சொல்லி அழைத்தால் கனவு கலையும், இது கலையாது. சலிப்பான பாடத்தில்தான் கனவு வரும். இது ஆடிப்பாடும்போதும், பேசிக்கொண்டிருக்கும்போது வாக்கியத்தின் நடுவிலும் வரும்.

மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் 2013 முதல் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. ஒரு பிள்ளைக்கு அவர்களால் ஒதுக்க முடிவது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் இந்த வலிப்பு வராமலே போகலாம். 'படிப்பில் கவனமில்லை' என்று ஆசிரியர் சொன்னால் மருத்துவருக்குப் பிடி கிடைக்காது. 'திங்கள் 10.20, வாசித்துக்கொண்டிருந்தாள், நடுச்சொல்லில் நின்றாள், சுமார் 8 விநாடி, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பவில்லை, பிறகு அதே சொல்லிலிருந்து தொடர்ந்தாள், 11.05 மறுபடி, 12.10 மறுபடி' என்று ஒரு தாள் கையில் இருந்தால், மருத்துவர் அவளை இரண்டு மூன்று நிமிடம் வேகமாக மூச்சு வாங்கச் சொல்லிப் பார்ப்பார். பெரும்பாலும் அங்கேயே அது வந்து காட்டும். மூளை மின்னலைப் பதிவில் அதற்கென்று ஒரு தனிச் சாயல் உண்டு, விநாடிக்கு மூன்று வீதம் ஏறி இறங்கும் அலை. மருந்தும் இருக்கிறது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது கேட்கவும் செய்கிறது.